மனம்போல வாழ்வும் வாழ்வுபோல மனமும்

வெள்ளவத்தையிலே காலி வீதியோரத்துப் புத்தகசாலைகளுக்குச் செல்லும் எவரும் ஓர் உண்மையை எளிதிற் கண்டுகொள்வர். சிறுகதைத் தொகுதிகளும் திறனாய்வு நூல்களும் பின் அடுக்கிலே ஒதுங்கிக் கிடக்க, மன அமைதிக்கும் தன்னம்பிக்கைக்கும் வழிகூறும் நூல்கள் முன் அடுக்கை நிறைத்து நிற்கின்றன. அவற்றை வாங்குவோருட் பலர் மாணவர். வேறு பலர் அம்மாணவரின் பெற்றோர். கொட்டாஞ்சேனையில் ஐவர் ஓரறையில் வாழும் வீட்டிலும் இத்தகைய நூலொன்று இருக்கக் கண்டிருக்கிறேன். இத்துணைப் பரந்த வாசகர் கூட்டத்தைப் பெற்ற எழுத்து வகையை நமது விமரிசகர்கள் பொருட்படுத்துவதில்லை. ‘இஃது இலக்கியமன்று’ என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால், மக்கள் தமது துயருக்கு மருந்தாக எதனை வாசிக்கின்றனர் என்பதை ஆராயாத விமரிசனம், மக்களைப் பற்றிப் பேசும் உரிமையைத் தானே இழந்துவிடுகின்றது.

இவ்வகை நூல்களுக்குத் தமிழிலே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் தொடக்க காலத்திலே நாம் சந்திக்கும் பெயர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் அலன் 1903இல் வெளியிட்ட சிறு நூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரிலே தமிழாக்கியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. அது வெளிவந்த 1909ஆம் ஆண்டிலே அவர் சிறைக்கைதி. 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் நமது கொழும்புக்குமிடையே கப்பல் விட்டவர் அவர். 1908 பெப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர். அவ்வாண்டு மார்ச்சிலே கைதாகி, யூலையிலே இரட்டை ஆயுட் தண்டனை பெற்றவர். தண்டனை மேன்முறையீட்டிலே குறைக்கப்பட்டது. எனினும் 1912 டிசெம்பர் வரை சிறையிலிருந்தார். அங்கே அவர் செக்கிழுத்ததை அறியாத தமிழ் மாணவர் இல்லை.

அலனின் கொள்கை எளிமையானது. மனிதனின் குணம், சூழ்நிலை, உடல்நலம், வெற்றி தோல்வி யாவும் அவனுடைய எண்ணங்களின் விளைவே என்பது அவர் துணிபு. மனத்தை அவர் தோட்டத்துக்கு ஒப்பிடுகிறார். பயிரிட்டாற் பயன் தரும், விட்டாற் களை மண்டும். ஒடுக்குவோனும் ஒடுக்கப்படுவோனும் அறியாமையிலே கூட்டாளிகள் என்றும் கருதுகிறார். நோயின் வேரையும் எண்ணத்திலேயே தேடுகிறார். தத்துவ மொழியிற் கூறினால், இது கலப்பற்ற கருத்துமுதல்வாதம்.

இக்கொள்கைக்கு முதல் மறுப்பு அலனின் வாழ்க்கையே. அவருடைய தந்தை இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலே பின்னல்தொழில் செய்தவர். 1879இல் அத்தொழில் நலிவுற்றபோது பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றார். சென்ற சில நாட்களில் மாண்டார். அவர் கொள்ளையர் கையிற் கொலையுண்டார் என்றே கருதப்பட்டது. பதினைந்து வயது மகன் படிப்பை நிறுத்தி வேலைக்குச் செல்ல நேர்ந்தது. பின்னலாடைச் சந்தை வீழ்ச்சியுற்றது அச்சிறுவன் எண்ணிய எந்த எண்ணத்தின் விளைவு? அவருடைய நூல் இவ்வினாவை எழுப்புவதேயில்லை.

தோட்ட உவமையும் அவ்வாறே. பயிர் செய்பவனைக் கேட்டால், களை பிடுங்குவது தேவை என்று ஒப்புக்கொள்வான். அடுத்து நிலம் யாருடையது, நீர் எங்கிருந்து வருகிறது, விளைச்சலை யார் கொண்டுபோகிறார் என்று கேட்பான். அலன் முதலாவதை மட்டும் பேசி நிறுத்திக்கொள்கிறார்.

அங்ஙனமாயின், ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய ஒருவர் இதனை ஏன் மொழிபெயர்த்தார்? போராட்டத்திலிருந்து பின்வாங்கியதன் அடையாளம் இது என்று சிலர் கூறக்கூடும். வரலாறு இதற்கு இடந்தரவில்லை. கோரல் ஆலைத் தொழிலாளரிடம் அவர் ‘உங்கள் எண்ணத்தை மாற்றுங்கள், கூலி உயரும்’ என்று உபதேசிக்கவில்லை. கூலி உயர்வும் ஓய்வு நாளும் கேட்டு வேலையை நிறுத்தச் செய்தார். வெளியுலகை மாற்றக் கூட்டுச் செயல் வேண்டும் என்பதை நடைமுறையிலே அறிந்தவர் அவர். சிறையில் நிலைமை வேறு. அங்கே கூட்டமில்லை, கப்பலில்லை, வேலைநிறுத்தமில்லை. அரசு அவருடைய உழைப்பையும் உணவையும் உறக்கத்தையும் தன் கட்டுப்பாட்டிலே வைத்திருந்தது. அது கைப்பற்ற முயன்ற கடைசி இடம் அவருடைய மனம். அவ்விடத்தை விட்டுக்கொடாதிருக்க அவருக்கு இந்நூல் உதவியிருத்தல் வேண்டும். அலன் எழுதியபோது இது உலகநியதி பற்றிய தவறான விளக்கம்; சிறைக்கைதியின் கையிலோ இது தற்காப்புக் கருவி. ஒரு நூலின் பொருளை அதனைப் பயன்படுத்துவோரின் நிலையும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அதே தீர்ப்பு அவருடைய குடும்பத்திலே விளைத்த மற்றொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. அண்ணனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார் என்பது வரலாற்றாசிரியர் பதிந்த செய்தி. ஒரே வீட்டிற் பிறந்த இருவர், ஒரே அடி. ஒருவர் எழுதினார், மற்றவர் கலங்கினார். தம்பி நல்லெண்ணத்தை வளர்க்கத் தவறியவர் என்று எந்த மனிதாபிமானி கூறுவான்? அலனின் நியதியை நேர்மையாகக் கடைப்பிடித்தால் அப்படித்தான் கூறவேண்டிவரும். துன்புறுபவன் தலையிலேயே துன்பத்தின் பழியையும் ஏற்றுவதே இக்கொள்கையின் கொடுமை.

இன்று நமது புத்தகசாலைகளிலே விற்பனையாகும் நூல்களிற் பெரும்பாலானவை அலனின் வழிவந்தவையே. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். தகுதிபெறுவோர் அனைவருக்கும் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. Z புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தே அவனுடைய இடத்தைத் தீர்மானிக்கின்றன. ‘உன்னால் முடியும்’ என்ற நூல் அவனுக்கு இக்கணக்கைச் சொல்வதில்லை. இடங் கிடைக்காதபோது, ‘நான் போதிய அளவு நம்பவில்லை’ என்ற புதிய குற்றவுணர்வையே அது அவனிடம் விட்டுச்செல்கின்றது.

இவ்விடத்திலே ஒரு வேறுபாட்டை வலியுறுத்துதல் வேண்டும். எண்ணங்களை ஆராய்ந்து திருத்தலாம் என்பதை விஞ்ஞான உளவியலும் ஏற்கின்றது. 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஏரன் பெக் வகுத்த அறிகைச் சிகிச்சை அத்தகையது. ஆனால் அது சோர்வெண்ணத்தின் மேல் நல்லெண்ணத்தைப் பூசுவதன்று. மனத்தில் எழும் எண்ணத்தை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. அதற்குச் சான்று யாது, எதிர்ச்சான்று யாது என்று கேட்கிறது. சிறு செயல்களால் அதனைச் சோதிக்கச் செய்கிறது. கணித பாடத்திலே தவறிய மாணவி ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்று எண்ணினால், அது சோதனையிலே நில்லாது. ‘வீட்டிலே அமர்ந்து படிக்க இடமில்லை’ என்று எண்ணினால், அது சோதனையிலே நிற்கும். ஏனெனில் அஃது உண்மை. முன்னதற்கு வேண்டியது எண்ணத் திருத்தம். பின்னதற்கு வேண்டியது இரவிலும் திறந்திருக்கும் வாசிகசாலை. எல்லாச் சோர்வெண்ணங்களையும் பொய்யென்று தள்ளும் நூல், இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றலை வாசகரிடமிருந்து பறித்துவிடுகின்றது. இருவாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமற்று ஒருவர் வாடுவாராயின், அது நூலாலும் வாசிகசாலையாலும் மட்டும் தீர்வதன்று. மருத்துவரிடம் செல்லவேண்டிய நோய்.

சூழல் மனிதனின் உயிரை எவ்வளவு தூரம் காக்க வல்லது என்பதற்கு நமது நாடே உலகுக்கு ஒரு பாடம். 1995இல் இலங்கையிலே ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அஃதொன்று. மிகக் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பீடைநாசினிகள் 1995இலும் 1998இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபதாண்டுகளில் அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. வறுமையோ யுத்தமோ அத்தடைகளால் ஒழிந்துவிடவில்லை. மனிதர் தாங்கவொணாத ஒரு கணத்திலே, மரணம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதிருந்தது. கணம் கடந்தது; அவர்களுட் பலர் வாழ்ந்தனர். ஓர் இறக்குமதிச் சட்டம் செய்த இவ்வேலையை எத்தனை தன்னம்பிக்கை நூல்கள் செய்திருக்க முடியும்? தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1998இல் நீக்கப்பட்டதும் இத்திசையிலே முக்கியமான ஓர் அடி.

இதைக்கொண்டு முற்போக்காளர் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நம்மிடையிலும் ஒரு குறையுண்டு. சமுதாயம் மாறினால் மனநோயும் மறையும் என்று சொல்லி, இன்று வாடும் தோழனை நாளைய உலகுக்காகக் காத்திருக்கச் செய்வோர் உளர். மனச்சோர்வை நடுத்தர வர்க்கத்தின் சொகுசு என்று நகைப்போரும் உளர். 1926இல் திறக்கப்பட்ட அங்கொடை மருத்துவமனையின் பெயரை ஏளனச் சொல்லாகப் பாவிக்கும் வழக்கம், கொழும்பிலே படித்தவர் நாவிலும் உண்டு. இந்த ஏளனத்துக்கு அஞ்சியே பலர் மருத்துவரை நாடாது நூலை நாடுகின்றனர். ஆகவே, போலி நூல்களின் சந்தையை விரிப்பதில் நமக்கும் பங்குண்டு.

சிறைமீண்ட சிதம்பரம்பிள்ளையின் பிற்கால வாழ்வு ‘மனம்போல’ அமையவில்லை. கம்பெனி முறிந்திருந்தது, வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது, நெடுங்காலம் வறுமை வாட்டியது. தாம் மொழிபெயர்த்த கொள்கையை அவருடைய வாழ்வே பொய்ப்பித்தது. ஆயினும் 1936இல் மறையும் வரை அவர் படிப்பையும் எழுத்தையும் கைவிடவில்லை. சூழல் மனத்தை நெருக்கும். மனமும் சூழலை எதிர்த்து நிற்கும். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே இயங்கியற் பார்வை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. இந்நூல்களை மாணவர் கையிலிருந்து பறிப்பது அவற்றுள் ஒன்றன்று. அவர்களோடு சேர்ந்து வாசித்து, ‘இதற்குச் சான்று யாது? இதைச் சொல்வதால் யார் பயன் பெறுகிறார்?’ என்று கேட்கப் பழக்குதல் வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் தமிழிலே பேசக்கூடிய பயிற்சிபெற்ற உளவளத்துணையாளர் வேண்டுமென்று கோருதல் வேண்டும். வகுப்பிலே வாடிய முகமொன்றைக் கண்டால், அறிவுரையை ஒத்திவைத்து முதலில் செவிகொடுத்தல் வேண்டும். 1974இலிருந்து தொண்டாற்றும் சுமித்ரயோ அமைப்பையும், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் பரீட்சைத் திகதிகளுக்குப் பக்கத்திலே கரும்பலகையில் எழுதிவைக்க எந்த அதிகாரியின் அனுமதியும் வேண்டியதில்லை. இதை நாளைக் காலையிலேயே செய்யலாம்.