பறம்பும் பால்மரமும்

பாரி மகளிர் பாடிய 112-ஆம் புறப்பாட்டைத் தனியே எடுத்துக் கற்பிப்பது வழக்கம். ஆயினும் அதனை அடுத்து வரும் கபிலர் பாட்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான், இடத்தை இழந்தோர் உண்மையில் எதனை இழந்தனர் என்பது விளங்கும். 116-ஆம் பாட்டில் அம்மகளிர் முள்வேலி சூழ்ந்த சிறுமனையில், சுரையும் பீர்க்கும் படர்ந்த இடத்தில், குப்பைமேட்டின்மீது ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். முன்பு போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர் அவர். எண்ணும் பழக்கம் மாறவில்லை. ஏறி நிற்கும் மேடு தாழ்ந்துவிட்டது. தம் நெஞ்சு நோவதைக் கபிலர் மறைக்கவில்லை. ஆனால் படிப்போர் நெஞ்சில் நிற்பது அந்தக் குப்பைமேடே.

பேராக் மாநிலத்தில் இப்பாட்டை நடத்தும் ஆசிரியர் எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. 1950-களிலும் 1960-களிலும் மலாயாவில் ஐரோப்பியருக்குச் சொந்தமான ரப்பர்த் தோட்டங்கள் பல விற்கப்பட்டுச் சிறு சிறு துண்டுகளாகக் கைமாறின. துண்டாடல் என்று மக்கள் அதனைச் சொன்னார்கள். லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனபோது வீடும் போயிற்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும், தொழிலாளரின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியதும் இத்துயருக்கு மாற்றாகத்தான். ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் அவ்வாறு மீட்க இயலவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். முந்நூறு ஊரையும் பரிசிலர்க்கு ஈந்த பின்னும் பாரிக்குக் குன்று எஞ்சியது. பால்வெட்டுத் தொழிலாளிக்கோ மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு சாணும் உரிமையில்லை. உடைமையே இல்லாதவன் இழப்பை எவ்வாறு பாடுவது? தோட்டக் கதைகள் பல இடறும் இடம் இதுவே. தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய லாரியும், கோயிலைத் திரும்பிப் பார்க்கும் கிழவியும் வந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. கண்ணீர் உண்டு, கணக்கு இல்லை. மங்கும் உளியும் பெரட்டுக்களமும் ஆயாக் கொட்டகையும் வட்டாரச் சுவைக்காக வந்து போகின்றனவேயன்றி, இழந்த பொருளாக நிற்பதில்லை. இருளில் எழுந்து எந்த நிரையில் எத்தனை மரம் வெட்டினான் என்பது அவனுக்குக் கைப்பாடம். பட்டா இல்லாத அவனுடைய உரிமை அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது. அதனை எழுதாமல் அவன் அழுததை மட்டும் எழுதுவது அரைகுறை வேலை.

துண்டாடலுக்குத் தப்பிய தோட்டங்களிலும் பின்னர்ச் செம்பனை ஏறிற்று. பிறந்த லயத்தைத் தேடி இன்று வருபவர்க்கு அடையாளம் காட்ட மரமில்லை, வீடில்லை. 114-ஆம் பாட்டில், இங்கே நிற்பவர்க்கும் பறம்பு தெரியும், சற்றுத் தொலைவு போய் நிற்பவர்க்கும் தெரியும் என்கிறார் கபிலர். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளும் அவ்வாறே தொலைவிலிருந்து தெரிகின்றன. அவற்றைக் கொண்டுதான் அவர் திசை அறிகிறார். அக்குன்றுகளிலும் சில, கல்லுடைப்பால் குறைந்து வருகின்றன.