சீருடையும் நாட்டுணர்வும்

1950ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்திற் பிறேசில் தன் சொந்த மண்ணிலேயே உருகுவேயிடம் 2–1 எனத் தோற்றது. அன்று அணிந்த வெண்ணிற உடை நாட்டுணர்வைப் புலப்படுத்தவில்லை என்னும் குறை எழுந்தது. ஆகவே 1953இல் ‘கொறெயோ டா மான்யா’ என்னும் நாளிதழ் புத்துடை வகுக்கும் போட்டியொன்றை நடாத்தியது. தேசியக் கொடியின் நான்கு நிறங்களும் அமைதல் வேண்டும் என்பதே விதி. உருகுவே எல்லையிற் பிறந்த அல்டிர் கார்சியா ஷ்லீ என்பார் தம் 19ஆம் வயதிற் பரிசு பெற்றார். மஞ்சள் மேற்சட்டை, அதன் கழுத்திலும் கையோரத்திலும் பச்சை, நீலக் காற்சட்டை, வெண்காலுறை என அவர் வகுத்தார்.

இவ்வமைப்பின் சிறப்பு யாது? நிறங்களை அவர் சமமாகப் பங்கிட்டாரல்லர். எனினும் எந்நிறமும் இடமின்றி நிற்கவில்லை. பச்சையை நீக்கின் மஞ்சளும் பொலிவிழக்கும்.

இலங்கைக் கொடியிற் செம்மஞ்சள் தமிழரையும் பச்சை முஸ்லிம்களையும் குறிக்கும். நம் தேசிய அணிக்குப் புத்துடை வகுப்போர் இவ்விரு பட்டைகளையும் மறப்பாராயின், அஃது அழகுக் குறையோடு பொருட்குறையுமாம். தன்னாமுனை மணலிற் பந்துதைக்கும் சிறுவனும் அவ்வுடையிலே தன்னைக் காணல் வேண்டும்.