பின்னணி என்கிற தீர்ப்பு

மாநகராட்சித் தொடக்கப்பள்ளி குறித்த அறிக்கைகளுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. முதலில் பிள்ளைகள் யார் என்று சொல்வார்கள்: எந்தச் சாதிப் பிரிவில் எத்தனை பேர், குடிசைப் பகுதியிலிருந்து எத்தனை பேர், முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் எத்தனை பேர். அடுத்து அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியவில்லை என்று சொல்வார்கள்: வாசிக்கத் தெரியவில்லை, கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே ‘ஆகவே’ என்ற சொல் அச்சில் இருக்காது. படிக்கிறவரே போட்டுக்கொள்வார். அறிக்கை இலக்கியமில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அதுவும் ஒரு பிரதிதான். எழுதாமல் விட்ட அந்த ‘ஆகவே’யில்தான் அதன் அரசியல் குந்தியிருக்கிறது.

எண்ணவே கூடாது என்று இங்கே வாதாட வரவில்லை. சாதியை எண்ணாமல் இடஒதுக்கீடு இல்லை. பசியை எண்ணாமல் சத்துணவு இல்லை. கேள்வி வேறு. எண்ணிக்கை அரசின் மீது குற்றச்சாட்டாக நிற்கிறதா, பிள்ளையின் மீது தீர்ப்பாக நிற்கிறதா? ‘பின்னணி’ என்ற சொல்லையே பாருங்கள். பிள்ளைக்குப் பின்னால் ஏற்கெனவே தீட்டித் தொங்கவிட்ட திரைச்சீலை மாதிரி அது ஒலிக்கிறது. திரையைத் தீட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. ஆறு லட்சம் மாணவர்களுக்கு மேல் சோதித்து எழுதப்பட்டது. கட்டிடம், நூலகம், செலவு ஆகியவற்றில் பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புடையது என்றது அது. ‘அப்போ பள்ளிக்கூடத்தால ஒண்ணும் ஆகப்போறதில்ல’ என்று அதை வாசித்தவர்கள் ஏராளம். அதே அறிக்கையின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை: கூடப் படிக்கிறவர்கள் யார் என்பதும் ஒரு பிள்ளையின் கல்வியைப் பாதிக்கிறது. இது முக்கியம். பெற்றோரின் படிப்பைப் பள்ளி மாற்ற முடியாது. ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிறது என்பது விதி அல்ல. அது ஊர் போட்ட ஏற்பாடு.

சென்னையில் அந்த ஏற்பாடு எப்படி நடந்தது? கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் பிள்ளையை மெட்ரிகுலேஷனுக்கு மாற்றினார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கி, செலவை அரசு திருப்பித் தரவும் வகைசெய்தது. ஏழைப் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தது, நல்லதுதான். கூடவே, அரசுப் பள்ளியை விட்டு வெளியேறுவதுதான் முன்னேற்றம் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆயிற்று.

இன்னொரு பக்கம், பிள்ளைகளையே ஊரைவிட்டு எடுத்துப்போனார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று 2000க்குப் பிறகு கரையோரத்துக் குடும்பங்கள் நகரத்தின் தென்கோடிக்குக் கொண்டுபோகப்பட்டன. சென்ட்ரல் பக்கத்தில் கூவம் கரையிலிருந்த சத்தியவாணிமுத்து நகர் இடிக்கப்பட்டது 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நட்டநடுவில். நகரத்து நடுவே ஒரு பள்ளியில் ‘சேர்க்கை குறைவு’ என்று எழுதுவார்கள். நகரத்து விளிம்பில் இன்னொரு பள்ளியில் ‘கற்றல் குறைவு’ என்று எழுதுவார்கள். இரண்டையும் ஒரே புல்டோசர்தான் எழுதியது என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

அடுத்து மொழி. தமிழ் படித்தவர்கள் பதில்சொல்ல வேண்டிய இடம் இது. வீட்டில் ‘இஸ்துகினு வா’ என்று பேசும் பிள்ளை, பாடநூலில் ‘இழுத்து வா’ என்பதைப் படிக்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் தூரம் உண்டு. ஆனால் சிலருடைய பேச்சு ‘பேச்சுவழக்கு’, சிலருடையது ‘கொச்சை’. கொச்சை என்று கேட்ட நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. மௌனத்துக்கு மதிப்பெண் கிடையாது.

வில்லியம் லபோவ் 1969இல் நியூயார்க் ஹார்லெமின் கறுப்பினச் சிறுவர்களைப் பற்றி எழுதியது இங்கே பொருந்தும். பெரியவர் ஒருவர் கேள்வி கேட்டபோது ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன எட்டு வயதுப் பையன், அதே ஆள் உருளைக்கிழங்கு வறுவலோடு தரையில் உட்கார்ந்து, பையனின் கூட்டாளியையும் அழைத்துவைத்துக்கொண்டபோது, நிறுத்தாமல் பேசினான். பின்னணி மாறவில்லை. சோதித்த விதம் மாறியது. மொழி வறுமை என்று பெயர்சூட்டப்பட்டது உண்மையில் சோதனையின் வறுமை.

தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். பத்து வயதில் வடிகட்டும் ஆசை அத்தோடு தீர்ந்துவிட்டதா? 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் நோக்கம் வேறு. கொரோனாவில் விட்டதைப் பிடிப்பது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்துச் சொல்லித்தருகிறது. பெயர்கள் அழகு. ஆனால் அரும்பில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். எத்தனை பேர் மலர் என்பதைவிட, அரும்பிலேயே தங்கிவிட்டது யார், எத்தனை மாதமாக என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பின்னணியை மாற்ற முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 1920இல் பிட்டி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் மதிய உணவு என்று தீர்மானித்தது. பசி பிள்ளையின் ‘பின்னணி’ என்று அறிக்கை எழுதிவிட்டு அவர்கள் உட்காரவில்லை, சோறு போட்டார்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்த வழியில்தான் வருகிறது. வயிற்றுப் பசியைப் பள்ளியின் பொறுப்பு என்று ஏற்க முடிந்த சமூகம், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாததை மட்டும் பிள்ளையின் குறையாக எழுதுவானேன்? சொல்லித்தருவதற்காகத்தானே பள்ளிக்கூடம்?

கடைசியாக, இதழ் நடத்துகிற, இயக்கம் நடத்துகிற நம்மிடம் ஒரு கேள்வி. ‘அடித்தட்டுப் பிள்ளைகள், பாவம், அவ்வளவுதான் வரும்’ என்ற நம் இரக்கத்துக்கும் அந்த ‘ஆகவே’வுக்கும் என்ன வித்தியாசம்? மாநகராட்சிப் பள்ளி மூடப்பட்டால் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? கோல்மன் அறிக்கையை நேராக வாசித்தால், அந்த வகுப்பறைகளில் இல்லாத நம் பிள்ளைகளும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பின்னணிதான். அடுத்த தடவை அட்டவணையைக் கையில் எடுக்கும்போது, அந்த விடுபட்ட எண்ணிக்கையையும் சேர்த்துப் படிப்போம்.