தத்துவம் படிக்க எந்த நூலில் தொடங்குவது?

அறிவியல் நூல்களைப் படித்துக்கொண்டே வரும்போது, பாடப்புத்தகம் விடை சொல்லாத சில கேள்விகள் உங்கள் மனத்தில் எழுந்திருக்கும். இயற்கை விதிகள் நாளையும் இப்படியே இயங்கும் என்பது நமக்கு எப்படித் தெரியும்? நம் கண்ணும் காதும் காட்டும் உலகந்தான் உண்மையான உலகமா? இவை தத்துவத்தின் கேள்விகள். விடை தேடி நூலகத்துக்குப் போகிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பலர் எங்கோ கேள்விப்பட்ட ஒரு பெரிய பெயரை நாடுகிறார்கள். இம்மானுவேல் கான்ட் 1781-இல் வெளியிட்ட 'தூய அறிவின் திறனாய்வு' என்னும் நூலைத் துணிந்து எடுக்கிறார்கள். பத்துப் பக்கங்களில் அதை மூடிவிட்டு, ''இது நம் மூளைக்கு எட்டாது'' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு தவறானது. அந்நூலை விளங்கிக்கொள்ளக் கான்ட் காலத்து அறிஞர்களே திணறினார்கள். 1783-இல் அவரே அதன் கருத்துகளை விளக்கி ஒரு சிறிய நூல் எழுத நேர்ந்தது. எனவே குறை உங்கள் மூளையில் இல்லை. நூலைத் தேர்ந்தெடுத்த முறையில் இருக்கிறது.

தொடக்கநிலை வாசகர்களுக்குப் பலரும் சொல்லும் நூல்கள் இரண்டை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, வில் டூரண்ட் 1926-இல் வெளியிட்ட 'தத்துவத்தின் கதை'. பிளேட்டோ முதல் ஜான் டூயி வரை பல தத்துவ அறிஞர்களின் வாழ்வையும் கருத்தையும் கதைபோலச் சொல்வது. நடை இனிமையானது, தத்துவம் என்றால் அஞ்சுபவர்களின் அச்சத்தைப் போக்கக்கூடியது. ஆயினும் அதன் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். அரிஸ்டாட்டிலுக்கும் பிரான்சிஸ் பேக்கனுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 1,900 ஆண்டுகளை ஆசிரியர் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். வால்டேருக்குத் தனி இயல் உண்டு. டேக்கார்ட்டுக்கும் ஹியூமுக்கும் இல்லை. இந்தியத் தத்துவத்துக்கும் சீனத் தத்துவத்துக்கும் அதில் இடமே இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்த ஸ்பினோசாவின் வாழ்க்கை நம் நெஞ்சில் நிற்கிறது. ஆனால், அவர் எதிலிருந்து தொடங்கி எந்தப் படிகள் வழியே தம் முடிவுக்கு வந்தார் என்பதை நாமே சரிபார்க்க அந்நூல் போதாது. முடிவுகள் கிடைக்கின்றன; வாதங்கள் கிடைப்பதில்லை. அமிலம் நீல லிட்மசைச் சிவப்பாக்கும் என்று படிப்பது ஒன்று. தாளை நனைத்துப் பார்ப்பது வேறொன்று அல்லவா? டூரண்டை மட்டும் படித்தவர் பத்துப் பெயர்களை உதிர்க்கலாம். ஒரு வாதத்தையாவது எடைபோட்டவர் ஆகமாட்டார்.

இரண்டாவது, பெர்ட்ராண்டு ரஸ்ஸல் 1912-இல் வெளியிட்ட 'தத்துவப் பிரச்சினைகள்'. சிறிய நூல், பதினைந்தே இயல்கள். ஒரு சாதாரண மேசையை வைத்துக்கொண்டு ரஸ்ஸல் தொடங்குகிறார். நிற்கும் இடத்துக்கும் விழும் ஒளிக்கும் ஏற்ப மேசையின் நிறம் மாறித் தோன்றுகிறது. வழவழப்பாகத் தெரியும் பலகை நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. அப்படியானால் எது மேசையின் உண்மையான நிறம், உண்மையான பரப்பு? இந்தச் சோதனையை உங்கள் வீட்டு மேசையிலேயே நீங்கள் செய்து பார்க்கலாம்.

அறிவியல் மாணவர்கள் ஆறாவது இயலைத் தவறவிடக் கூடாது. நாள்தோறும் தீனி போட்ட கையே ஒருநாள் கோழியின் கழுத்தைத் திருகுகிறது. இதுவரை நடந்ததால் இனியும் நடக்கும் என்று கோழி நம்பியது. நாளை சூரியன் உதிக்கும் என்ற நம் நம்பிக்கை அதைவிட எந்த வகையில் உறுதியானது? ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் ஒவ்வொரு பொதுமைப்படுத்தலும் இந்தக் கேள்விக்குக் கடன்பட்டிருக்கிறது.

இந்நூலிலும் குறைகள் உண்டு. பொருளுக்கும் நமக்கும் இடையே புலனுணர்வுத் தரவுகள் நிற்கின்றன என்ற ரஸ்ஸலின் கொள்கையைப் பின்வந்த பலர் மறுத்துள்ளனர். நடு இயல்கள் சில கடினமானவை. முதல் முறை படிக்கும்போது அவற்றைத் தாண்டிச் செல்லலாம். எப்படி வாழ வேண்டும், எது நீதி என்னும் கேள்விகளை இந்நூல் அநேகமாகத் தொடுவதே இல்லை.

அந்தக் குறையை நிரப்பப் பிளேட்டோவின் 'யூதிப்ரோ' என்னும் சிறு உரையாடலை அடுத்துப் படியுங்கள். தன் தந்தைமீதே கொலைக் குற்றம் சாட்டி வழக்குத் தொடுக்க வந்த ஒருவனை, நீதிமன்றத்தின் அருகே சாக்ரட்டீஸ் சந்திக்கிறார். தான் செய்வது புனிதமான செயல் என்கிறான் அவன். தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, அது புனிதமானது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். முடிவான விடை கிடைக்காமலே அவன் அவசரமாகப் போய்விடுகிறான். விடையை நாம்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஆக, நூலைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று சொல்வேன். ஓர் இயலைப் படித்ததும் நூலை மூடிவிடுங்கள். ஆசிரியர் எழுப்பிய கேள்வி என்ன, அவர் கூறிய காரணம் என்ன, அதற்கு உங்கள் மறுப்பு என்ன என்று மூன்று வரிகள் எழுதுங்கள். எழுத முடிந்தால் அது உங்களுக்கு ஏற்ற நூல். பெயர்கள் மட்டுமே நினைவில் நின்றால், அதை ஓய்வு நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். எதுவுமே எழுத வரவில்லையென்றால், மனம் தளராமல் அதை அலமாரியில் திருப்பி வையுங்கள். ஓராண்டு கழித்து மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். நூல் எங்கும் போய்விடாது.