சிறு படங்களும் உலகியல் வழக்கும்

1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாத ஐயரை நோக்கி, அவர் கற்ற நூல்கள் யாவை என வினவினார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி ஐயரை ஏடு தேடும் நெறியில் செலுத்திற்று. 1887இல் சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. அதற்கு முன்னர் அந்நூல் இல்லாமற் போய்விடவில்லை. சமணர் இல்லங்களில் ஓதப்பட்டே வந்தது. தமிழ் கற்றாருள் கேட்பார்தாம் அரியர்.

இற்றை நாளில் திரைப்படத்தின் நிலையும் இதுவே. பார்த்த தமிழ்ப் படங்கள் யாவை என்று மலேசியத் தமிழாசிரியர் ஒருவரை வினவினால், சென்னையிலிருந்து வந்த படங்களின் பெயர்களை மூச்சு விடாமல் அடுக்குவார். ‘செம்மண் சாலை’யைப் பார்த்ததுண்டா என்று கேட்டால் விழிப்போர் பலர். அது வேற்றுநாட்டுப் படமன்று. இந்நாட்டுப் பால்மரக் காட்டைப் பற்றி, இந்நாட்டுத் தமிழர் ஒருவர், தமிழிலேயே எடுத்தது. பெருமுதலும் பெயர் பெற்ற நடிகரும் இன்றித் தனித்து நின்று எடுக்கப்படும் இத்தகைய சிறு படங்களைத் தேடிக் காண்பதற்கு, முதற்கண் அவற்றை எந்த அளவுகோலால் அளப்பது என்பது தெளிவாக வேண்டும். கோடம்பாக்கத்துக் கோலைக் கொண்டு அளந்தால் இவை யாவும் குறையுடையனவாகவே தோன்றும்.

அளவுகோல் வேறெங்கும் தேட வேண்டுவதன்று. தொல்காப்பியர் அகத்திணையியலில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சொல்லி, இரண்டும் தழுவி வருவதே புலனெறி வழக்கம் என்றார். சுவையுடையன யாவும் ஓரிடத்தே நிகழ்ந்தன போலத் தொகுத்துரைப்பது நாடக வழக்கு என்பது இளம்பூரணர் தரும் விளக்கம். நம் பெரும்படங்களுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது! காதல், சண்டை, நகை, கண்ணீர், ஆறு பாட்டு ஆகிய அனைத்தும் இரண்டரை மணி நேரத்துள் ஓரிடத்தே வந்து குவிகின்றன. இதனைக் குற்றமென்று கூறுவதற்கில்லை. ஆயின் உலகியல் வழக்கு அறவே நீங்கிய இடத்தில் புலனெறி ஏது? சிறு படங்களோ இதற்கு மறுதலையாக, உலகியலை இறுகப் பற்றிக்கொண்டு நாடகத்தைச் சிறிதே கலக்கின்றன. அவற்றுள் எது எவ்வளவு கலந்தது, கலந்தது பொருந்திற்றா என்று காண்பதே திறனாய்வாளன் பணி.

தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ 2005இல் வெளிவந்தது. களம், 1960களின் இரப்பர்த் தோட்டம். சாந்தா என்னும் பெண் நன்றாகப் படிப்பவள். பல்கலைக்கழகம் செல்ல விழைபவள். பால் வெட்டும் குடும்பத்தின் வறுமை குறுக்கே நிற்கிறது. கதை இவ்வளவே. கொடியவன் ஒருவனும் இதில் இல்லை. தோட்டத்துத் துன்பத்தைச் சொல்ல வந்த கதைகள் பலவற்றில் கொடுங்கங்காணி ஒருவன் வந்து, வாசகன் சினத்தையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு போய்விடுவான். சினந்த வாசகனும் நிறைவோடு உறங்கச் செல்வான். இப்படம் அந்த வசதியைத் தரவில்லை. வீட்டார் நல்லவர், அண்டை அயலார் நல்லவர், எல்லாரும் நல்லவராயிருந்தும் ஒரு பெண்ணின் படிப்புக்கு வழி எளிதில் பிறக்கவில்லை என்பதை அடங்கிய குரலில் காட்டுகிறது. பழகிய நடிகர்தம் ஏற்ற இறக்கங்களை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். உரையாடல் சில இடங்களில் ஒப்பித்தாற்போல் ஒலிப்பதும் உண்மை. படத்தின் நடை மெதுவானது. பொறுமையற்றோர்க்கு அது சோர்வு தரலாம். எனினும் பால்மர நிரையும் வீட்டு வாயிலும் செம்மண் பாதையும் வெறும் பின்புலமாக நில்லாது, முதற்பொருளும் கருப்பொருளுமாய் நின்று உரிப்பொருளைத் தாங்குகின்றன. திணை இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியர் இதனினும் நல்ல எடுத்துக்காட்டை எளிதில் காணமாட்டார்.

அடுத்தது ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. 2015 திசம்பரில் திரைக்கு வந்தது. பெயரைக் கண்டதும் வடமொழி ‘ஜகத்’ எனக் கொண்டு உலகம் என்று பொருள் சொல்லப் புகுவோர் உண்டு. அதுவன்று. தீயது, கெட்டது எனப் பொருள்படும் ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல், நம்மவர் நாவில் ஹகரம் தேய்ந்து அவ்வாறாயிற்று. பெயரிலேயே மண்ணின் ஒலி இருக்கிறது.

களம் 1990களின் தொடக்கம். அப்பாய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் படித்து முன்னேற வேண்டும் என்று கண்டிக்கும் தந்தை மணியம். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரும், குண்டர் கும்பலைச் சார்ந்த ஒருவருமாக இரு சிற்றப்பன்மார். சிறுவனுக்குக் குறும்பும் கற்பனையும் மிகுதி. தந்தைக்குத் தெரிந்த அன்பு அடியாகவே வெளிப்படுகிறது. அடிப்பவன் பகைவனல்லன், தந்தையே என்பதுதான் படத்தின் நோவு. ஆசிரியர் எவரும் இப்படத்தை மனம் கூசாமல் பார்த்து முடித்தல் இயலாது. பிரம்பைப் பிடித்த கைகள் வீட்டில் மட்டும் இருந்தனவல்ல.

இப்படத்தைப் பற்றித் தமிழறிந்தோர் சிலர்க்கு ஒரு குறையுண்டு: மாந்தர் பேசும் தமிழ் கொச்சையானது, வசைச் சொற்களும் மலாய்ச் சொற்களும் மலிந்தது என்பர். இக்குறையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வகுப்பில் நல்ல தமிழை வளர்க்கப் பாடுபடுவோர் காதில் அச்சொற்கள் தைக்கத்தான் செய்யும். ஆயின் தொல்காப்பியர் எச்சவியலில் செய்யுட் சொல்லை வகுத்தபோது, இயற்சொல்லோடு திசைச்சொல்லுக்கும் இடம் தந்தாரன்றோ? செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களின் சொல்லை அவர் கருதினார். கடல் கடந்து குடியேறியவர் வாயில் ஏறிய சொல்லை அவர் கண்டிலர். கண்டிருப்பின் விலக்கியிருப்பார் என்று கொள்ளக் காரணமில்லை. தோட்டத்துப் பிள்ளையின் வாயில் மேடைத்தமிழை வைத்திருந்தால் படம் பொய்த்திருக்கும். வசைச் சொற்களில் ஒரு பகுதியைக் குறைத்திருந்தாலும் உண்மை குன்றியிராது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. குண்டர் கும்பலின் கதை, வேறு படங்களில் பலமுறை நடந்து தேய்ந்த தடத்திலேயே செல்கிறது. சிறுவன் திரையில் நிற்கும்போது உள்ள உயிர்ப்பு, பெரியவர் கத்தியெடுக்கும்போது குறைகிறது. நாடக வழக்கு அங்கே உலகியலைச் சற்று நெருக்கிவிட்டது.

2016ஆம் ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப்பிரிவில் நிறுத்த முதலில் ஏற்பாடாயிற்று. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவருள் மலாய்க் கலைஞரும் இருந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று. ஏற்பாடு மாற்றப்பட்டது, ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதைப் பெற்றது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். முன்னதில் தோட்டம் இருக்கிறது. வறுமையோடு இருக்கிறது, ஆயினும் இருக்கிறது. பின்னதில் தோட்டம் கலைந்து, மக்கள் நகர்ப்புற ஓரங்களில் வந்து விழுந்திருக்கின்றனர். நடுவே நடந்ததை வரலாறு அறியும். விடுதலைக்குப் பின் தோட்டத் துண்டாடல் மிகுந்தது. அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பள்ளியும் கோயிலும் திடலும் ஒருங்கே அமைந்த ஒரு வாழ்வு, ஒரு தலைமுறைக்குள் கரைந்தது. இன்றைய மாணவர்க்கு ‘லயம்’ என்றால் இசையில் வருவது மட்டுமே தெரியும். பாட்டன் குடியிருந்த வீட்டின் பெயர் அதுவென்பதை அவர்க்கு உணர்த்த, பாடநூற் பத்தி ஒன்றைக் காட்டிலும் இப்படங்கள் வல்லவை.

சிங்கப்பூரின் பக்கம் திரும்பினால் வேறொரு வியப்பு. கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்ற முதற் சிங்கப்பூர்ப் படம் தமிழ் பேசுவது. 2008இல் வந்த ‘மை மேஜிக்’. இயக்கியவர் சீனரான எரிக் கூ. உண்மை வாழ்விலும் மாயவித்தைக்காரரான போஸ்கோ பிரான்சிஸ் குடிகாரத் தந்தையாக நடித்தார். மகனுக்காகத் தன் உடலையே நோவுக்கு ஒப்புக்கொடுக்கிறான் அத்தந்தை. வித்தைக்காரனிடம் நாம் எதிர்பார்ப்பது மருட்கை. நெருப்பும் கண்ணாடியும் அவன் வாய்க்குள் போகும்போது தோன்றுவதோ இளிவரல். ஒரு மெய்ப்பாட்டைக் காட்டுவதாகச் சொல்லி வேறொன்றை எழுப்பும் இத்திறம் எளிதில் கைவருவதன்று. கே. இராஜகோபால் இயக்கி, 2016இல் கான் விழாவின் திறனாய்வாளர் வாரத்தில் இடம்பெற்ற ‘எ யெல்லோ பேர்ட்’ இதனினும் கடுமையானது. சிறையினின்று மீண்ட சிவா மனைவியையும் மகளையும் தேடி அலைகிறான். தாயாக வருபவர் சீமா பிஸ்வாஸ். ஒருமுறை பார்ப்பதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

எல்லாம் துன்பக் கதைதானா என்று சலிப்போர்க்கு நகைச்சுவையும் உண்டு. மலாய்க் கலைஞர் அப்டிலின் சௌகி, தம் ‘பப்படம்’ என்னும் மலாய்ப் படத்தையே 2011இல் ‘அப்பளம்’ எனத் தமிழில் எடுத்தார். ‘வெண்ணிற இரவுகள்’ (2014) காதலர் இருவரைப் பர்மா வரை அழைத்துச் செல்கிறது. சிறு படம் என்பதனாலேயே நல்ல படம் ஆகிவிடாது. கோடம்பாக்கத்தைக் குறைந்த செலவில் போலி செய்வனவும் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றின் பெயரைச் சொல்லாமல் விடுவதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

தேடுவோர்க்கு ஒரு நடைமுறைத் தொல்லை: இப்படங்கள் பதிவேடுகளில் ஆங்கிலப் பெயராலும், உரோம எழுத்தில் மனம் போனபடி எழுதிய தமிழ்ப் பெயராலும் கிடக்கின்றன. ‘செம்மண் சாலை’ என்று தமிழில் தேடினால் அகப்படாதது ‘தி கிரேவல் ரோட்’ என்று தேடினால் அகப்படும். ஆதலின் இயக்குநர் பெயரைக் கொண்டு தேடுவதே நேர்வழி. தீபக் குமரன் மேனன் பெயரைத் தொடர்ந்தால் 2007ஆம் ஆண்டின் ‘சலங்கை’யும் கிட்டும். தோட்டத்தைவிட்டு வந்த வாழ்வின் அடுத்த படி அதில் இருக்கிறது: பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் பூ விற்கும் ஒரு தாய், பரதம் பயில விரும்பும் அவள் மகள்.