சித்திர மண்டபமும் குழந்தைப் படநூலும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபம் ஒன்றைக் காட்டுகின்றார். ஆங்கு வந்தோர் ஓவியங்களைச் சுட்டி வினவுகின்றனர். அறிந்தோர் இரதியையும் காமனையும் இனங்காட்டி, இந்திரன் பூனையானதையும் அகலிகை கல்லானதையும் விளக்குகின்றனர். ஓவியக் கலையின் பழமைக்குச் சான்றாகவே இப்பகுதியைப் பெரும்பாலும் எடுத்தாள்வர். அதனினும் பெரியதொரு செய்தி அதனுள் உண்டு. ஈண்டுப் படம் முன்னிற்கின்றது. வினா அதனின்று பிறக்கின்றது. சொல் விடையாகப் பின்வருகின்றது. சொல்லுக்குப் படம் அணியன்று. குழந்தைப் படநூலின் இலக்கணமும் இதுவே என்பது என் துணிபு. பரங்குன்றத்தில் வினவியோர் குழந்தைகளல்லரே எனின், அறியாது வினவுவோர் யாவரும் அப்பொழுது குழந்தைகளே என்க.

அண்மையில் ஐயப்பன்தாங்கலினின்று புறப்பட்டு, நகரைக் குறுக்கே கடந்து, திருவான்மியூரில் தாரா பதிப்பகத்தாரின் காட்சிக்கூடத்தைக் காணச் சென்றேன்; அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தியும் உடன் வந்தாள். 1994இல் தோன்றிய இப்பதிப்பகம் 2006இல் வெளியிட்ட ஆங்கில நூலொன்று மரங்களின் இரவு வாழ்வைப் பொருளாகக் கொண்டது. பஜ்ஜு சியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி என்னும் கோண்டு ஓவியர் மூவர் வரைந்தது. கையாற் செய்த கருந்தாளில் பட்டுத்திரை அச்சால் ஒவ்வொரு வண்ணமாகப் பதித்தது. 2008இல் இத்தாலியின் பொலோனா நகரில் பரிசு பெற்றது. இருள் இதன்கண் வெறும் பின்னணியன்று. மரம் அதனின்றே முளைக்கின்றது. கிளை எங்கு முடிகின்றது, விலங்கு எங்குத் தொடங்குகின்றது என்று துணிய இயலவில்லை. தொல்காப்பியர் மருட்கைக்குக் கூறும் நிலைக்களன்களுள் புதுமையும் ஆக்கமும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. சிறுமி தாளைத் தடவிப் பார்த்து, “இந்த மரம் தூங்காதா?” என்றாள். நூலிலுள்ள சில வரிகள் அவ்வினாவுக்கு நேர்விடையாகா. ஆயினும் வினாவை அவியவிடவில்லை. சிறந்த படநூலுக்கு இதனின் மிக்க சான்று வேண்டுவதில்லை.

இனி, அம்புலிமாமாவை நோக்குவோம். 1947இல் சென்னையில் தோன்றிய அவ்விதழில் சங்கர் (1924–2020) வரைந்த வேதாளப் படம் வேறொரு நெறியினது. ஒரு கையில் வாளும் தோளிற் பிணமுமாக விக்கிரமன் நடக்கின்றான். திங்கள்தோறும் கதை மாறும், தலைப்படம் மாறாது. அணங்கு அச்சத்துக்கும் தறுகண் பெருமிதத்துக்கும் நிலைக்களன் என்பது மெய்ப்பாட்டியல் கோட்பாடு. சங்கரின் படத்தில் அணங்கு தோள்மேலேயே உள்ளது. தறுகண் அவன் நடையில் உள்ளது. அச்சம் முழுவதும் படிக்கும் குழந்தைக்கே விடப்பட்டுள்ளது. கோடுகள் செறிந்த அப்படத்தைப் பழைய முறை என்று தள்ளுவாருடன் யான் உடன்படேன். கோண்டு ஓவியரின் மரம் போல அது தாளின் அருமையால் நிற்பதன்று. மலிந்த தாளிலும் நின்றது. முடிதிருத்தகத்திலும் சிற்றூர்த் திண்ணையிலும் அது கிடைத்தது. திருவான்மியூரில் கண்ட நூலோ, அதன் கைவினையே விலையை உயர்த்துதலின், குழந்தையின் கையினும் காட்சிப்பேழைக்கே அணிமையதாகின்றது. இஃது அந்நூலின் குற்றமன்று. ஆயினும் திறனாய்வாளன் கூறாது விடுதற்குரியதும் அன்று.

தோக்கியோவில் இவாசாகி சிஹிரோ வாழ்ந்த மனையிடத்தில் 1977இல் படநூல் ஓவியத்துக்கெனவே ஒரு கூடம் எழுந்தது; அவ்வகையில் உலகில் அதுவே முதலாவது என்பர். சங்கருக்கு 2021இல், மறைந்த பின், பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது. அவருடைய மூலப்படங்களுக்கென அத்தகைய கூடம் ஒன்றையும் நாம் எழுப்பவில்லை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சுப் பொருள்களைப் போற்றிக் காக்கின்றது. ஆயினும் அச்சுப்படி வேறு, தூரிகையின் மூலம் வேறு. நம் ஆய்வு மாணவர் குழந்தை இலக்கியம் என்று எடுத்துக்கொள்வன பெரும்பாலும் பாட்டும் கதையுமே. படத்தை ஆயப் புகுவார்க்குக் கருவியும் குறைவு. யான் பயின்ற நூலகமொன்றில் இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டடம் செய்யுங்கால், தடிமன் குறைய வேண்டி, வண்ண அட்டைகளைக் கிழித்து நீக்கிவிட்டே தைத்திருந்தனர். பன்னிரண்டு திங்களின் கதைகளும் முழுமையாக உள்ளன. அட்டை ஒன்றேனும் இல்லை.