மறவனின் தெரிவு: தும்பைத் துறைகளும் மேசைப் போராடலும்

மறவனுக்குச் சிறப்பளிப்பது வலியா, வழி தெரிதலா என்னும் வினா பழமையானது. அவ்வினா நம் காலத்தில் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் எழுந்துள்ளது. பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டே அவ்விடம். விளையாட்டென இதனை எளிதாகத் தள்ளிவிடுதல் பொருந்தாது. தொல்காப்பியர் தும்பைத் திணையில் வகுத்துக் காட்டிய பொருளும் இவ்விளையாட்டினர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக வாதிட்டுவரும் பொருளும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அக்கூட்டத்தை ஆராயின், துறை என்பதன் இயல்பும் தெளிவுறும்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்வோருள் ஒருவர் கதை நிகழ்ச்சியை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதைச் சொல்லுவர். ஐயத்துக்கிடமான செயலின் முடிவைப் பகடை உரைக்கும். தொடக்கத்தில் அமைந்த பாத்திர வகைகள் போர்மறவன், மந்திரவாதி, சமயகுரு என மூன்று. மந்திரவாதிக்கு உறக்கமூட்டல், நெருப்புருண்டை எறிதல், உருமறைத்தல் என வழிகள் பலவாயின. மறவனுக்கோ வெட்டுதல் ஒன்றே பெரும்பான்மையும் எஞ்சிற்று. இருபது முகப் பகடையை உருட்டுவான். பட்டதா, தப்பியதா என்று காண்பான். அடுத்த முறையும் அதனையே செய்வான். வீரம் மிக்கவனே தெரிவு குறைந்தவனாக நின்ற இம்முரணே நெடுங்காலக் குறையாயிற்று.

இனித் தும்பையை நோக்குதல் தகும். மண்ணும் நிரையும் பொருளாகாது, மறமே பொருளாகப் பொருவது தும்பை. தொல்காப்பியர் அதற்குப் பன்னிரு துறைகளை வகுத்தார். தானை, யானை, குதிரை என்னும் மூன்றும் படையின் நிலை கூறுவன. எஞ்சியவற்றுள் பல தனிமறவனின் செயலைச் சுட்டுவன. தன் வேந்தனைப் பகைவர் மொய்த்துக்கொண்டவிடத்து, வேறிடத்துப் பொருதவன் மீண்டு வந்து எறிதல் தார்நிலை. தன் படை உடைந்து பின்வாங்குங்கால், ஒருவன் அதன் பின்னணியைத் தாங்கி எருமைபோல அஞ்சாது நிற்றல் எருமை. படைக்கலம் அற்றவழி உடல்வலியால் பொருதல் பாழி கொள்ளும் ஏமம். தலைவன் வீழ்ந்தானாகச் சினந்து ஒருவன் மண்டுதல் நல்லிசை நிலை. பலர் ஒருவனுக்கு உடைய, அவன் வாள் வீசிக் கொன்று குவித்தல் நூழில்.

இவற்றுள் 'வலிதாக வெட்டினான்' என்பது மட்டும் ஒரு துறையாக அமையவில்லை. ஒவ்வொரு துறையும் முதலில் ஒரு நிலைமையைச் சொல்கிறது. பின்னரே அந்நிலைமைக்கு ஏற்ற செயலைச் சொல்கிறது. வேந்தன் சூழப்பட்டான், படை உடைந்தது, கருவி போயிற்று, தலைவன் வீழ்ந்தான். களம் வினாவுகிறது, மறவன் விடை இறுக்கிறான். ஓடவும் ஒதுங்கவும் வாய்ப்பிருந்தும் ஒன்றைத் தெரிந்து நிற்பதே அவன் மறம்.

புறநானூற்றில் உலோச்சனார் பாடிய 274ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. அதில் வரும் வீரன் தன் வேலைக் களிற்றின்மேல் போக்கிவிட்டான். வெறுங்கையனாய் நின்றவன்மேல் பகைவர் வருகின்றனர். அவன் வந்தவனைக் கையால் பற்றித் தழுவித் தோள்வலியால் தூக்குகிறான். சாத்தந்தையார் பாடிய 80ஆம் பாட்டில், ஆமூர் மல்லனோடு பொருத பெருநற்கிள்ளியின் ஒரு கால் மார்பை அழுத்த, மற்றொரு கால் எதிரியின் சூழ்ச்சியைப் பின்னின்று தடுக்கிறது. புலவர் கண்டது வலியை மட்டுமன்று. இரு கால்களுக்கும் இருவேறு வேலை தந்த அறிவையும் கண்டார்.

மேசையாட்டத்தின் திருத்தங்களை இவ்வளவுகோலால் அளத்தல் கூடும். 1978இல் வந்த விதிநூல், மிக மெலிந்த பகைவரை எதிர்க்கும் மறவன் தன் படிநிலை எத்தனையோ அத்தனை முறை வெட்டலாம் என்றது. இது நூழிலுக்கு அணுக்கமானது. நிலைமையே செயலைப் பிறப்பித்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு காலிடறல், கருவி பறித்தல், மற்பிடி முதலியவற்றைத் தெளிவாக வகுத்தது. ஆயினும், அவற்றுக்குரிய தனிப்பயிற்சியைப் பெறாதவன் முயன்றால் எதிரிக்கு ஓர் இலவச வெட்டு வாய்த்தது. எனவே வழி எல்லோர்க்கும் திறந்திருந்தும் நடப்பார் அரியர் ஆயினர். சுற்றி நின்றோர் அனைவரையும் ஒருங்கே வெட்டும் செயலுக்கோ முன்பயிற்சிகள் பல வேண்டப்பட்டன. 2008இல் வந்த நான்காம் பதிப்பு மறவனுக்கும் மந்திரவாதிக்கு நிகரான செயல்களை வழங்கியது. அவற்றுட் சில ஒரு நாளில் ஒரு முறையே செய்யத்தக்கன. மந்திரம் தீர்ந்துபோதல் ஒருவாறு ஏற்கத்தக்கது. வாள்வீச்சு மாலைவரை தீர்ந்துபோதல் எங்ஙனம் என்று பலர் வினாவினர். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் போர்த்திறம் வல்லான் என்னும் மறவகை, இடறல், பறித்தல், தடுத்தல், எதிர்வெட்டு முதலியவற்றுள் சிலவற்றைக் கற்றுத் தனிப் பகடைகளைச் செலவிட்டு ஆற்றுகிறது. ஓய்வெடுத்தபின் அப்பகடைகள் மீள்கின்றன.

இத்திருத்தங்கள் மறவனுக்குச் செல்வம் சேர்த்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் தெரிவை உடைமையாக எண்ணிய குறை அவற்றுள் தங்கிவிட்டது. பையில் உள்ள உத்திகளை எண்ணி எடுப்பவன் களத்தைப் பார்க்க மறக்கிறான். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். பகலில் காக்கை கூகையை வெல்லும். நீருள் வெல்லும் முதலை கரையில் தோற்கும். இங்கே மாறுவது உத்தியன்று, இடமும் காலமும் ஆகும்.

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். துறை என்பது பாடற் பாகுபாடேயன்றிப் போர்ப்பயிற்சி நூலன்று என்பர். அது மெய்யே. புலவர் செயல் முடிந்தபின் பாடுகிறார். ஆடுபவர் செயலுக்கு முன்னே தெரிகிறார். மேசையில் இறந்தவன் புதிய பெயரோடு எழுவான். களத்தில் பட்டவன் நடுகல்லாவான். ஆயினும் எச்செயல்கள் பாடத்தக்கன என்று இலக்கணம் தெரிந்தெடுத்ததே ஒரு மதிப்பீடன்றோ? அம்மதிப்பீடு தெரிவைப் போற்றுகிறது என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

பலாபத்வலையிலும் அதனைச் சூழ்ந்த மாத்தளைப் பகுதியிலும் பயில்வோர்க்கு இதனை விளக்க நூலகம் வரை செல்லவேண்டுவதில்லை. மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு வழங்கிவரும் அருச்சுனன் தபசே போதும். அதற்கு மூலமான மாபாரதக் கதையில், வேடனாய் வந்த சிவனோடு பொரும் அருச்சுனனுக்கு அம்பு தீர்கிறது. வில்லையே கோலாக்கி அடிக்கிறான். அதுவும் போகிறது, வாளை எடுக்கிறான். வாளும் முறிகிறது, மரமும் கல்லும் வீசிப் பின் மற்போர் புரிகிறான். இறுதியில், தான் சாத்திய மாலை வேடன் தலையில் விளங்கக் கண்டு வணங்குகிறான். ஒன்றை இழக்குந்தோறும் ஒன்றைத் தெரிந்த அவன், கடைசியில் பணிதலைத் தெரிந்தான். பாசுபதம் அவனுக்குக் கிட்டியது அதன் பின்னரே.

தும்பைத் துறைகளைப் பன்னிரண்டு பெயர்களாக மனப்பாடம் செய்யும் மாணவன் தேர்வில் வெல்லலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னே நிற்கும் நிலைமையைச் சொல்லி, 'நீ அங்கு நின்றால் என் செய்வாய்?' என்று கேட்கப்பெறும் மாணவனே புறப்பொருளை உணர்வான். அவ்வினாவை அயல்நாட்டு மேசையாட்டம் ஒன்று நினைவூட்டுமாயின், அதற்கு நன்றி கூறி, அதன் விடையை நம் நூல்களிலும் தேடுதல் கடனாகும்.